குரலை வெளியே நிறுத்தியவர்கள்

சென்ற மாதம் நண்பர் ஒருவருடன் இசை பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நல்ல வாசகர், அதைவிட நல்ல ரசிகர். எழுபதுகளின் புரொக்ரசிவ் ராக் இசைத்தட்டுகளைக் குழு வாரியாக, ஆண்டு வாரியாக, யார் யாரிடமிருந்து பிரிந்து யாருடன் சேர்ந்தார்கள் என்பது வரை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். ராபர்ட் வயட்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: “பாவம், நல்ல குரல். குழு ஜாஸுக்கு உயர்ந்தபோது கூடவே உயர முடியாமல் வெளியேற்றப்பட்டார். பிறகு மாடியிலிருந்து விழுந்தார். அதன்பின் கூப்பிட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ப் பாடிக் கொடுத்தார்.”

அவரோடு அங்கேயே விவாதித்திருக்கலாம். ஆனால் இது அவர் ஒருவரின் கருத்து அல்ல. மேற்கத்திய இசையைத் தீவிரமாகக் கேட்பவர்கள் என்று தங்களைக் கருதிக்கொள்ளும் பலரிடமும், ஆங்கிலத்தில் எழுதும் விமர்சகர்கள் சிலரிடமும்கூட, இதே சித்திரம் சற்று மெருகேறிய வடிவில் இருக்கிறது. அதில் மூன்று பிழைகள் உள்ளன. வாத்திய இசை மேலே, பாடல் கீழே என்பது முதல் பிழை. அந்தப் படிவரிசையில் ராக்கிலிருந்து ஜாஸுக்குப் போவது முன்னேற்றம் என்பது இரண்டாவது. விபத்துதான் கலைஞனை உருவாக்கியது என்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்து ஒரு பாடகரின் நாற்பதாண்டுக் கூட்டுழைப்பை ‘பாடிக் கொடுத்தார்’ என்ற இரண்டு சொற்களில் அடக்கிவிடுகின்றன. அதை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தமிழ் இலக்கியம் படித்து அதையே கற்பித்து வாழ்பவன் நான். சொல்லின் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு, மறைக்கவில்லை. வாசகர்கள் அதைக் கழித்துக்கொண்டே என் வாதத்தை எடைபோடலாம்.

வயட் 1945இல் பிரிஸ்டலில் பிறந்தவர். கென்ட் பகுதியில், டோவருக்கு அருகிலிருந்த லிடன் என்ற ஊரில் வளர்ந்தார். படித்தது கேன்டர்பரியில் ஒரு பள்ளியில். அவர் வீட்டில் ஒலித்தது ஜாஸ். அவருக்கு டிரம்ஸ் சொல்லிக்கொடுத்தவர் அங்கே வந்து தங்கிய ஓர் அமெரிக்க ஜாஸ் டிரம்மர். அதே வீட்டில் குடியிருக்க வந்த ஆஸ்திரேலியரான டேவிட் ஆலனும், கேன்டர்பரி நண்பர்களான மைக் ராட்லெட்ஜ், கெவின் அயர்ஸ் ஆகியோரும் வயட்டும் சேர்ந்து 1966இல் தொடங்கிய குழுவே சாஃப்ட் மெஷின். 1968இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் அமெரிக்கப் பயணத்தில் அவருக்கு முன் மேடையேறி வாசித்த குழு அது. அங்கே வயட் டிரம்ஸ் வாசித்தபடியே பாடினார்.

ஆகவே ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். வயட் ராக்கிலிருந்து புறப்பட்டு ஜாஸை நோக்கி ஏறத் திணறியவர் அல்லர். பிறந்தது முதல் ஜாஸுக்குள் இருந்தவர். அந்தக் குழுவிலிருந்தவர்களில் ஜாஸை அவரளவுக்கு நேசித்தவர் எத்தனை பேர் என்பதே சந்தேகம்.

1970 ஆகஸ்டில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசியின் புகழ்பெற்ற ப்ராம்ஸ் கச்சேரி வரிசையில் சாஃப்ட் மெஷின் வாசித்தது. சாஸ்திரிய இசைக்கென்றே கருதப்பட்ட அந்த மேடையில் ராக் உலகிலிருந்து வந்த ஒரு குழு ஏறியது அன்று பெரிய செய்தி. அந்த இரவைப் பற்றி வயட் சொன்ன கதை ஒன்று பலருக்கும் தெரிந்திருக்கும். தங்கள் முறை வருவதற்கு முன் சிகரெட் பிடிக்கப் பின்வாசல் வழியாக வெளியே வந்தார். திரும்பி உள்ளே போக முயன்றபோது வாசல்காப்போன் மறித்தார். நான் உள்ளே வாசிக்க வேண்டியவன் என்று வயட் சொல்ல, இங்கே முறையான இசை மட்டும்தான் தம்பி என்பதுபோல அவர் பதில் சொல்லியிருக்கிறார்.

எல்லோரும் சிரித்துவிட்டுக் கடந்து போகும் கதை இது. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பின்வாசலில் நின்ற அந்த மனிதர் சொன்னதைத்தான் உள்ளே உட்கார்ந்திருந்த வயட்டின் சொந்தக் குழுவும் அப்போது அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. முறையான இசையில் பாட்டுக்கு இடமில்லை என்று.

அதே ஆண்டு வெளிவந்த ‘தேர்ட்’ என்ற இரட்டை இசைத்தட்டைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். நான்கு பக்கங்கள், பக்கத்துக்கு ஒரு படைப்பு. மூன்று படைப்புகளில் குரல் இல்லை. மூன்றாவது பக்கம் முழுவதும் வயட்டின் ‘மூன் இன் ஜூன்’. ஏறத்தாழ பத்தொன்பது நிமிடம். அதன் முதற்பாதியில் பாட்டு, டிரம்ஸ், கீபோர்டு, பேஸ் என ஏறக்குறைய எல்லாவற்றையும் வயட் ஒருவரே செய்திருக்கிறார். ராட்லெட்ஜும் ஹியூ ஹாப்பரும் பின்பாதியில்தான் சேர்கிறார்கள். ஒரு குழுவின் இசைத்தட்டில் ஒரு மனிதன் தனியாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறான் என்பதே அந்தப் படைப்பின் உள்கதை. சாஃப்ட் மெஷின் இசைத்தட்டில் மனிதர் ஒருவர் சொற்களைப் பாடியது அதுவே கடைசி. 1971இல் வந்த ‘ஃபோர்த்’ முழுக்க வாத்திய இசை. அந்த ஆண்டே வயட் வெளியே.

1969இல் இதே ‘மூன் இன் ஜூன்’ பாடலை பிபிசி வானொலிக்காகப் பாடியபோது வயட் செய்த காரியத்தைக் கவனியுங்கள். பாடலின் சொற்களையே மாற்றிவிட்டார். தாங்கள் அப்போது நின்றுகொண்டிருக்கும் ஒலிப்பதிவுக்கூடத்தையும், அங்கிருந்த தேநீர் இயந்திரத்தையும், நேரக் கட்டுப்பாடில்லாமல் வாசிக்கவிட்ட பிபிசியின் பெருந்தன்மையையும் பாட்டாகவே பாடினார். இதற்கு என்ன பெயர்? அந்த நிமிடத்தில், அந்த இடத்தில், கையிலிருப்பதை வைத்துப் புதிதாக ஒன்றைச் செய்வதைத்தானே ஜாஸ் தன் உயிர்மூச்சாகச் சொல்லிக்கொள்கிறது? சாக்ஸஃபோன் செய்தால் அது ஜாஸ், சொல் செய்தால் வேடிக்கை என்பது எந்த நியாயம்?

இன்னொரு சான்றும் இருக்கிறது. குழு குரலை விலக்கிக்கொண்டிருந்த அதே 1970இல் வயட் ‘எண்ட் ஆஃப் அன் இயர்’ என்ற தன் முதல் தனி இசைத்தட்டை வெளியிட்டார். அது கில் எவன்ஸ் என்ற ஜாஸ் மேதையின் படைப்பொன்றோடு தொடங்கி அதோடே முடிகிறது. அதில் வயட்டின் குரல் உண்டு, சொற்கள் இல்லை. எதிரொலியும் வேகமாற்றமும் சேர்த்து, குரலை அடுக்கடுக்காகப் பதிவு செய்து, ஒரு காற்றுக்கருவித் தொகுதியைப் போல ஆக்கியிருக்கிறார். ஜாஸுக்குள் குரல் எவ்வளவு தூரம் போகமுடியும் என்று அன்றைக்கு அவர் அளவுக்குத் துணிந்து தேடிய ராக் இசைக்கலைஞர்கள் மிகச் சிலரே. அந்தத் தட்டின் உறையில் தன்னை வேலையில்லாத பாப் பாடகர் என்றும், இப்போதைக்கு சாஃப்ட் மெஷினில் டிரம்ஸ் வாசிப்பவர் என்றும் அறிமுகப்படுத்திக்கொண்டார். குழுவுக்குள் இருந்துகொண்டே ஒருவர் எழுதிய வாசகம் இது. இதைவிட வெளிப்படையான மனுவை யார் எழுதமுடியும்?

‘கூடவே உயர முடியாதவர்’ 1971இல் வேறென்ன செய்தார் என்பதையும் பார்த்துவிடலாம். கீத் டிப்பெட் ஏறத்தாழ ஐம்பது கலைஞர்களைச் சேர்த்து உருவாக்கிய ‘சென்டிபீட்’ என்ற மாபெரும் குழுவில் டிரம்ஸ் வாசித்தார். பிரிட்டிஷ் ஜாஸின் முன்னணிக் கலைஞர்கள் பலரும் அதிலிருந்தார்கள். அதன் இசைத்தட்டைத் தயாரித்தவர் கிங் கிரிம்சனின் ராபர்ட் ஃப்ரிப். நவம்பரில் பெர்லின் ஜாஸ் விழாவில் ழான் லூக் போன்ட்டி உள்ளிட்ட நான்கு வயலின் கலைஞர்களுக்கு டிரம்ஸ் வாசித்தார். சாஃப்ட் மெஷினுக்குப் போதாத ஒரு டிரம்மர் பெர்லினுக்குப் போதுமானவராக இருந்திருக்கிறார். தவிரவும் அந்த ‘சென்டிபீட்’ குழுவில் ஜூலி டிப்பெட்ஸ், மேகி நிக்கோல்ஸ் போன்ற பாடகிகள் இருந்தார்கள். உண்மையான ஜாஸ்காரர்களுக்குக் குரல் ஓர் இடைஞ்சலாகப் படவில்லை. ஜாஸாக ஆக விரும்பிய ராக்காரர்களுக்குத்தான் அது வெட்கமாக இருந்தது. புதிதாக மதம் மாறியவர்களிடம் காணப்படும் ஆசாரம் இது.

மறுதரப்புக்கும் நியாயம் செய்யவேண்டும். ‘தேர்ட்’ தட்டின் மற்ற மூன்று பக்கங்கள் அற்புதமானவை. எல்ட்டன் டீனின் சாக்ஸஃபோன் அந்தக் குழுவுக்குக் கிடைத்த வரம். ராட்லெட்ஜும் ஹாப்பரும் தாங்கள் போக விரும்பிய திசையில் நேர்மையாகப் போனார்கள். அப்போது வயட் அளவுக்கு மீறிக் குடித்துக்கொண்டிருந்தார், உடன் வேலை செய்ய எளிதானவராக இருக்கவில்லை என்பதை அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஒரு குழு உடைவதற்கு மனிதக் காரணங்கள் ஆயிரம் இருக்கும். நான் கேள்வி கேட்பது அந்த மனிதர்களை அல்ல. உடைவை ‘உயர்வு’ என்று பெயரிட்டு எழுதிய ரசனையைத்தான்.

இனி விபத்துக்கு வருவோம். வெளியேறிய வயட் ‘மேட்சிங் மோல்’ என்ற குழுவைத் தொடங்கினார். சாஃப்ட் மெஷின் என்பதன் பிரெஞ்சு வடிவத்தை ஆங்கிலக் காதால் கேட்டுச் செய்த சிலேடை அந்தப் பெயர். 1972இல் இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. இரண்டாவதைத் தயாரித்தவரும் ஃப்ரிப்தான். 1973 ஜூன் 1ஆம் தேதி லண்டனில் ஒரு விருந்தில், குடிபோதையில் மாடி ஜன்னலிலிருந்து கீழே விழுந்தார். இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அதன்பின் சக்கர நாற்காலிதான். கால்கள் இரண்டும் வேண்டிய டிரம்ஸ் வாசிப்பு அன்றோடு முடிந்தது. 1974 ஜூலையில் ‘ராக் பாட்டம்’ வந்தது.

இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே ஒரு கோடு போட்டு, துயரம் ஒரு மகத்தான கலைஞனைப் பிறப்பித்தது என்று எழுதுவது எளிது. எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் ‘ராக் பாட்டம்’ பாடல்கள் பலவற்றுக்கான தொடக்கங்கள் விபத்துக்கு முன்பே உருவாகிவிட்டன. 1972-73 குளிர்காலத்தில் ஒரு திரைப்படத்தில் பணியாற்றுவதற்காக ஆல்ஃபி வெனிஸ் சென்றிருந்தார். பின்னால் வயட்டின் மனைவியானவர். வயட்டும் உடன் போனார். அங்கே வேறு வேலையில்லாமல் அறையில் உட்கார்ந்து, ஆல்ஃபி வாங்கிக்கொடுத்த ஒரு சிறிய மலிவான கீபோர்டில் அவற்றைத் தேடிக் கண்டடைந்தார். நீரும் மிதப்பும் அந்த இசையெங்கும் பரவியிருப்பது விபத்தால் அல்ல, அவர் பார்த்துக்கொண்டிருந்த நகரத்தால் என்றும் சொல்லலாம் அல்லவா?

விபத்து எதையும் மாற்றவில்லை என்று நான் சொல்லவில்லை. ஒன்றை மாற்றியது. அதுவரை குழுவுக்குள் இடம் கேட்டு நின்ற குரல், இனி கேட்கவேண்டிய அவசியமில்லாமல் நடுவில் வந்து உட்கார்ந்தது. மற்றவர்கள் அதைச் சுற்றி வந்தார்கள். வந்தவர்கள் யார் என்று பாருங்கள். தயாரித்தவர் பிங்க் ஃப்ளாய்டின் டிரம்மர் நிக் மேசன். கிதார் வாசித்தவர் மைக் ஓல்ட்ஃபீல்ட். வயோலா வாசித்தவர் ஹென்றி கௌ குழுவின் ஃப்ரெட் ஃப்ரித். பேஸ் வாசித்தவர்களில் ஒருவர் அதே ஹியூ ஹாப்பர்! குரலை விரும்பாத குழுவிலிருந்து ஒருவர் குரலுக்கு வாசிக்க வந்திருக்கிறார். இதை மன்னிப்பு என்றெல்லாம் பெரிதுபடுத்தத் தேவையில்லை. நல்ல இசை நடக்கும் இடத்துக்கு நல்ல கலைஞன் வருவான்.

இவர்களோடு ட்ரம்பெட் வாசித்தவர் மொங்கேசி ஃபெஸா. இவரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசிப்பதை நிறவெறி ஆட்சி சகிக்காத காலத்தில், அப்படி ஒன்றாக வாசித்த ப்ளூ நோட்ஸ் குழுவோடு 1964இல் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியவர். ‘ராக் பாட்டம்’ தட்டில் ஒரு பாடலில் அவருடைய ட்ரம்பெட் பலமுறை மேலேற்றிப் பதிவு செய்யப்பட்டு ஒரு பறவைக் கூட்டம்போலச் சுழல்கிறது. அதற்குள் வயட்டின் குரல் நுழையும்போது எது ராக், எது ஜாஸ் என்று கேட்கத் தோன்றாது. நாடு இழந்தவர் ஒருவர், கால்கள் இழந்தவர் ஒருவர். இருவரும் ஒருவருக்கொருவர் இரக்கம் காட்டிக்கொள்ளவில்லை, சேர்ந்து வாசிக்கிறார்கள். அடுத்த ஆண்டுத் தட்டில் ஃபெஸாவின் படைப்பொன்றையும், ஜாஸ் பேஸ் கலைஞர் சார்லி ஹேடன் சே குவேராவுக்காக இயற்றியதையும் வயட் சேர்த்துக்கொண்டார். அந்த 1975 டிசம்பரிலேயே ஃபெஸா லண்டனில் இறந்தார். அவருக்கு வயது முப்பது.

பின்வாசல்காரரின் இன்னொரு அவதாரம் 1974இல் வந்தது. மங்கீஸ் குழுவின் பழைய பாப் பாடலொன்றை வயட் மறுபடி பாடி வெளியிட, அது பிரிட்டிஷ் பட்டியலில் 29ஆம் இடத்துக்கு வந்தது. பிபிசியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள். அங்கே தயாரிப்பாளர் சக்கர நாற்காலி குடும்பத்தோடு பார்க்கும் நிகழ்ச்சிக்குப் பொருந்தாது என்று ஆட்சேபித்தார். வயட் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் சக்கர நாற்காலியிலேயே தோன்றிப் பாடினார். உயர்ந்த இசையின் வாசலில் பாட்டு கூடாது. வெகுஜன இசையின் வாசலில் நாற்காலி கூடாது. இரண்டு வாசல்களிலும் ஒரே மனிதர்தான் காவல் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி ‘கூப்பிட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போனார்’ என்பதைப் பார்க்கலாம். கூப்பிட்டவர்கள் யார்? நண்பர் தன் படிவரிசையில் மேலே வைத்திருக்கும் அதே ஜாஸ்காரர்கள். ஆஸ்திரியாவில் பிறந்து நியூயார்க்கில் இயங்கிய மைக்கேல் மாண்ட்லர், எட்வர்ட் கோரியின் விபரீதமான குட்டிக் கதைகளுக்கு இசையமைத்தபோது அவற்றைப் பாட வயட்டை அழைத்தார். 1976இல் வந்த ‘த ஹேப்லெஸ் சைல்ட்’ அது. வாசித்தவர்கள் கார்லா ப்ளே, டெர்யே ரிப்டால், ஸ்டீவ் ஸ்வாலோ, ஜாக் டிஜானெட். ஜாஸ் கேட்பவர்களுக்கு இந்தப் பெயர்களின் எடை தெரியும். அடுத்த ஆண்டு ஹெரால்ட் பிண்டரின் ‘சைலன்ஸ்’ நாடகத்தை மாண்ட்லர் இசையாக்கினார். மூன்று பாத்திரங்களில் ஒருவர் வயட், மற்றவர்கள் கெவின் கோயினும் கார்லா ப்ளேயும். 2001இல் பால் ஆஸ்டரின் நாடகம் ஒன்றை எடுத்துக்கொண்டபோதும் மாண்ட்லர் மறுபடி வயட்டிடம் வந்தார். கால் நூற்றாண்டு இடைவெளியில் ஒரு ஜாஸ் இசையமைப்பாளர் சொல் வேண்டும்போதெல்லாம் ஒரே குரலைத் தேடி வருகிறார் என்றால், அதை உதவிக்குப் போனதாகவா எழுதுவது?

1981இல் வந்த ‘நிக் மேசன்ஸ் ஃபிக்டிஷஸ் ஸ்போர்ட்ஸ்’ இன்னும் சுவாரசியமானது. உறையில் பிங்க் ஃப்ளாய்ட் டிரம்மரின் பெயர். உள்ளே எல்லாப் பாடல்களும் கார்லா ப்ளே எழுதி இசையமைத்தவை. பெரும்பாலானவற்றைப் பாடியவர் வயட். புரொக்ரசிவ் ராக்கின் மிகப் பெரிய பெயரும், அமெரிக்க ஜாஸின் மிகச் சுதந்திரமான இசையமைப்பாளர்களில் ஒருவரும் ஒரே அறையில் சந்தித்துக்கொள்ள ஒரு வாசல் தேவைப்பட்டது. அந்த வாசல் வயட்டின் குரல்.

இத்தகைய கூட்டுழைப்புகளைக் ‘கலப்பிசை’ என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லே பிழையானது. கலப்பு என்றால் இரண்டும் தம் குணத்தை இழக்கவேண்டும். வயட் எங்கே பாடினாலும் எதையும் இழக்கவில்லை. அக்காலத்து இங்கிலாந்துப் பாடகர்கள் பலர் அமெரிக்க உச்சரிப்பை இரவல் வாங்கிப் பாடினார்கள். வயட் தன் ஊர்ப் பேச்சுவழக்கிலேயே பாடினார். உயரமான, மெலிந்த, விரிசல் தெரியும் குரல். உணர்ச்சியை அழுத்திக் காட்டாத குரல். அது ப்ளேயின் நையாண்டிக்குள்ளும், பிண்டரின் மௌனத்துக்குள்ளும், ஃபெஸாவின் ட்ரம்பெட் கூட்டத்துக்குள்ளும் மாறாமல் நுழைகிறது. சுற்றியிருக்கும் இசை எவ்வளவு சிக்கலாகிறதோ அவ்வளவு எளிமையாக அது பேசுகிறது. சிக்கலுக்கு நடுவே ஒரு மனிதர் நம்மிடம் பேசுகிறார் என்ற உணர்வைத் தருவது எவ்வளவு கடினமான வித்தை என்பதை ஒற்றைப்படைத் தாளக்கட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்தக் குரலை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதுதான் எனக்கு மிக முக்கியமான கேள்வி. 1980 முதல் ரஃப் ட்ரேட் நிறுவனத்துக்காகச் சில தனிப்பாடல் தட்டுகளை வெளியிட்டார். பெரும்பாலும் பிறர் பாடல்கள். அவற்றிலொன்று ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’. அமெரிக்கத் தென்மாநிலங்களில் மரங்களில் தூக்கிலிடப்பட்ட கறுப்பர்களைப் பற்றி ஏபல் மீரோபோல் எழுதியது. பில்லி ஹாலிடே 1939இல் பதிவு செய்தது. ஹாலிடேக்குப் பிறகு அதைப் பாடுவது எந்த ஜாஸ் பாடகருக்கும் சோதனை. வயட் அவரோடு போட்டியிடவில்லை. கிட்டத்தட்டச் செய்தி வாசிப்பவர்போலப் பாடினார். சிலியின் வியோலேட்டா பார்ராவின் பாடலை ஸ்பானிய மொழியில் பாடினார். ஷிக் குழுவின் நடன இசைத்தட்டிலிருந்து ஒரு பாடலை எடுத்து அதைப் பிரார்த்தனைபோல ஆக்கினார். பிறர் சொல்லைத் தன் வாயால் சொல்லுவது அவருக்குத் தோழமை. பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தவர் அவர். அவர் அரசியலோடு உடன்படாதவர்களும் அந்தக் குரலில் பிரசங்கத் தொனி இல்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

1982இல் ஃபாக்லாந்து யுத்தம். கிளைவ் லேங்கர் வயட்டை மனதில் வைத்து ஒரு மெட்டு அமைத்தார். எல்விஸ் காஸ்டெல்லோ சொற்கள் எழுதினார். ‘ஷிப்பில்டிங்’ பிறந்தது. வேலையில்லாத துறைமுக ஊருக்கு யுத்தத்தால் கப்பல் கட்டும் வேலை திரும்புகிறது. அதே கப்பலில் ஊரின் பிள்ளைகள் போருக்குப் போகிறார்கள். அந்த முரணைக் கோஷமாகவும் பாடியிருக்கலாம், அழுகையாகவும் பாடியிருக்கலாம். வயட் இரண்டையும் செய்யவில்லை. மனைவிக்குக் குளிர்கால உடுப்பு வாங்கமுடியுமா என்று யோசிக்கும் கணவனின் தயக்கத்தோடு பாடினார். மறுவெளியீட்டில் 1983இல் அது பிரிட்டிஷ் பட்டியலில் 35ஆம் இடம்வரை சென்றது. அதே ஆண்டு காஸ்டெல்லோ தானே அதைப் பாடியபோது ட்ரம்பெட் வாசித்தவர் செட் பேக்கர். மெல்லிய குரலில் பாடி ஜாஸ் உலகில் அழியாப் புகழ்பெற்ற அதே பேக்கர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் குரல் இருந்த இடத்தை இரண்டாவதில் ட்ரம்பெட்டும் சேர்ந்தே நிரப்பவேண்டியிருக்கிறது என்பது என் காதுக்குத் தெளிவாகக் கேட்கிறது.

எல்லாக் கூட்டுழைப்பும் வெற்றி என்று நான் வாதிடமாட்டேன். மாண்ட்லரின் சில பகுதிகளில் உரைநடை இசைக்குள் விறைத்து நிற்கிறது. வயட்டாலும் அதைத் தளர்த்த முடியவில்லை. எண்பதுகளின் தனித்தட்டுகள் சிலவற்றில் சுற்றிலும் பிற கலைஞர்கள் இல்லாத வறட்சி தெரிகிறது. இதுவும் என் வாதத்துக்கு வலு சேர்ப்பதே. அவருக்குப் பிறர் தேவைப்பட்டார்கள், பிறருக்கு அவர் தேவைப்பட்டார். 1997இன் ‘ஷ்லீப்’ தட்டில் சாக்ஸஃபோன் கலைஞர் இவான் பார்க்கரும் டிராம்போன் கலைஞர் ஆன்னி வைட்ஹெட்டும் வந்தபோது அந்த வீட்டின் ஜன்னல்கள் மறுபடி திறந்தன. 2004இல் ஐஸ்லாந்தின் பியோர்க் ஏறத்தாழ மனிதக் குரல்களால் மட்டுமே ‘மெடுல்லா’வைச் செய்தபோது வயட்டைத் தேடி வந்தார். 2009இல் பிரான்சின் தேசிய ஜாஸ் இசைக்குழு வயட்டின் பாடல்களையே ஒரு முழு இசைத்தட்டுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டது. ஓர் அரசின் ஜாஸ் குழு, பாடத் தெரிந்ததற்காக ஜாஸ் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டவரின் வாசலுக்கு வந்த நாள் அது. 2010இல் கிலாட் அட்ஸ்மன், ரோஸ் ஸ்டீஃபன் ஆகியோருடன் பழைய ஜாஸ் பாடல்களைப் பாடினார். 2014இல் இசையை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்.

என் நண்பரின் வாக்கியத்துக்கே திரும்புகிறேன். அதிலிருந்த ‘பாவம்’ என்ற சொல்தான் என்னை அதிகம் உறுத்தியது. இரக்கப்படுவதுபோலக் கீழே இறக்கிவிடும் சொல் அது. சாஃப்ட் மெஷினின் வாத்தியத் தட்டுகளை அவர் என்னைவிட நுட்பமாகக் கேட்டவர். அவற்றைக் கைவிடும்படி நான் சொல்லப்போவதில்லை. ‘தேர்ட்’ தட்டின் மூன்றாம் பக்கத்தை மட்டும் அவர் மறுபடி ஒருமுறை கேட்கவேண்டும். இடையில் வரும் பாட்டை, அடுத்த தனிவாசிப்பு வரும்வரை பொறுத்துக்கொள்ளவேண்டிய ஒன்றாக எண்ணாமல் கேட்கவேண்டும். அதன்பின்னும் அது உயராத இசை என்று அவருக்குத் தோன்றினால், எந்தப் படியில் நின்று பார்த்து அப்படிச் சொல்கிறார் என்பதை எனக்கு விளக்கட்டும். அந்தப் படியை அங்கே போட்டது யார் என்பதையும் சேர்த்து.